மறுகால்

கட்டில் வாசலில் சிக்கிக்கொண்டது. தலைமாட்டைப் பிடித்தபடி உள்ளே நின்ற இசக்கிதுரை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். இரும்புக் கால் நிலைச்சட்டத்தைக் கீறியதே தவிர நகரவில்லை. வெளியே சந்தில் நின்று கால்மாட்டைப் பிடித்திருந்த மகள் ஸ்நேஹா, "சரிச்சுப் பிடிங்கப்பா" என்றாள். சரித்தார்கள். ஒரு பக்கத்துக் கால்கள் முதலில் வெளியே போயின, பிறகு மற்றப் பக்கம். கட்டில் இறங்கியதும் சந்தில் பாதி அடைபட்டுப்போனது. இனி பைக்கில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அவர் மனைவி பேச்சி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அவள் பேசியது ஏழெட்டு வார்த்தை இருந்தால் அதிகம். கர்ப்பப்பையில் தொடங்கிய கட்டி ஈரல்வரை போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போகிற நர்ஸ், நேற்று இசக்கிதுரையைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சி எது கேட்டாலும் செய்துகொடுங்கள் என்று சொல்லியிருந்தாள். இன்று காலை கஞ்சித் தண்ணீரால் உதட்டை நனைத்தபோது பேச்சி கண்ணைத் திறந்து, "என்னய வெளிய கொண்டு போடுங்க" என்றாள். தெளிவாகவே சொன்னாள். மத்தியானத்துக்குள் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

ஒற்றை அறை, பின்னால் ஓர் அடுக்களை. காற்றுக்குத்தான் கேட்கிறாள் என்று இசக்கிதுரை நினைத்தார்.

அவளை அவரே தூக்கினார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இருபது வருஷம் மிளகும் சுக்கும் சுமந்த தோள் அது. பெட்டி ஆட்டோ வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகும், மூட்டை ஏறினால் இத்தனை கிலோ என்று அந்தத் தோள் சொல்லிவிடும். இப்போது அது சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் தலை நிலையில் இடிக்காமல் குனிந்து வெளியே வந்தபோது பேச்சி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"வாசப்படி தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சுளா."

கட்டிலில் படுக்கவைத்ததும் அவள் இரண்டு ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே தெரிந்த கொஞ்ச வானத்தைப் பார்த்தாள். ஸ்நேஹா தலையணையை உயர்த்தி வைத்தாள். சிறிது நேரம் கழித்து பேச்சி, செவ்விளநீர் குடிக்க வேண்டும்போல இருக்கிறது என்றாள். பச்சை இளநீர் சந்து முக்கிலேயே தள்ளுவண்டியில் இருக்கிறதே என்று அவர் சொன்னார். அவள் தலையை அசைத்தாள். "செவ்வெளநி."

அவர் முக்கில் நின்ற ஆட்டோவை எடுத்தார். அதைத் திருப்பும்போது எதிரே ஷபானாவும் மூன்று நான்கு பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். பேச்சி வேலை பார்த்த இஞ்சிக் கிட்டங்கியின் பெண்கள்; அந்தச் சரக்குக் கிடங்கில் இஞ்சி சுரண்டுகிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவது இந்த இரண்டு மாதமாக வழக்கமாகியிருந்தது. முந்தானையில் இஞ்சி மண் ஒட்டியிருக்க, ஷபானா அவருக்குக் கை காட்டினாள்.

பஜார் ரோட்டில் இல்லை. பாலஸ் ரோட்டில் ஒரு கடையில் இருந்தது, ஆனால் வாடிப்போன காய். தோப்பும்படிப் பாலத்தருகே போனால் கிடைக்கும் என்றார்கள். போனார். அங்கே ஒருவன் குலையாகத் தொங்கவிட்டிருந்தான். நல்லதாகப் பார்த்து இரண்டு வெட்டச் சொன்னார். கடைக்காரனின் ரேடியோவில் ஏதோ பழைய தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெண் குரல்.

பெண் குரலில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் இசக்கிதுரைக்கு ஓர் ஓணக் காலம்தான் நினைவுக்கு வரும். ஸ்நேஹாவுக்கு அப்போது ஒன்பது மாதம். இருபத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. கிட்டங்கியில் ஓணச் சாப்பாடு. முதலாளி வீட்டார் வந்திருந்தார்கள், மைக் கட்டியிருந்தார்கள். மலையாளத்துப் பெண்கள் பாடி முடித்த பிறகு யாரோ பேச்சியைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் மைக்கின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாடினாள். அவள் பிறந்த கடையநல்லூர்ப் பக்கத்து நடவுப் பாட்டு. அவர் ஸ்நேஹாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தார். முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாதம் பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு நின்றுவிட்டான். சுமடு இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் தெருவிலிருந்து உள்ளே வந்தார்கள். யாரும் அசையவில்லை. அவர் பேச்சியைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. அவள் முகத்தில் அப்போது இருந்ததை அவர் கல்யாணமான இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வீட்டில் கண்டதில்லை. பெருமை போய்விட்டது.

மறுநாள் சாயாக் கடையில் ஆட்கள் அதைப் பற்றியே பேசினார்கள். பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல குரல், கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். ஒருவன் மட்டும், இப்படி ஒரு பாட்டு கைவசம் இருந்தால் இசக்கி எதற்கு மூட்டை தூக்குகிறான் என்று சொல்லிச் சிரித்தான். அன்று வீட்டுக்குப் போனதும் அவர் பேச்சியின் மடியில் இருந்த குழந்தையைக் காட்டி, இனிப் பாட மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சொல்லச் சொன்னார். சத்தம் போடவில்லை. கையும் ஓங்கவில்லை. அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னாள்.

அதோடு முடிந்தது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, சண்டை பிடிக்கவில்லை, சோறு பொங்கினாள், வேலைக்குப் போனாள். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும்போது மட்டும் தட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இருக்காது. பக்கத்து வீடுகளிலெல்லாம் தாலாட்டுக் கேட்கும். அவர் இருட்டில் படுத்துக்கொண்டு அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டிருப்பார். பாடேன் என்று சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தார். மூன்றாவது வருஷம் ஒரு ரேடியோ வாங்கிக்கொண்டு வந்தார். அதில் பாட்டு வரும்போது பேச்சி கேட்பாள். உதடு அசையாது.

போன மாதம்தான் வாய்விட்டுச் சொன்னார். கட்டிலோரம் உட்கார்ந்து, "ஏளா, ஒரு பாட்டுப் பாடு. நான் அன்னைக்குச் சொன்னத மறந்துரு" என்றார். பேச்சி அவரையே பார்த்தாள். "பிள்ள தலையிலல்லா அடிச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு இளநீரையும் மேல்தோல் சீவி வாங்கிக்கொண்டார். வீட்டில் போய் வெட்டினால் போதும்.

சந்துக்குள் ஆட்டோ போக முடியாது. முக்கில் நிறுத்திவிட்டு நடந்தார். சந்தில் அத்தனை பேர் நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சைக்கிளில் லாட்டரி விற்கிறவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றான். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற வழியில் பிசகி உள்ளே வந்துவிட்ட வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. மாடிகளில் பெண்கள். லாட்டரிக்காரன் அவரைப் பார்த்ததும் வழிவிட்டு நகர்ந்து, மூக்கை உறிஞ்சினான்.

ஸ்நேஹா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். பேச்சியின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கிட்டங்கிப் பெண்கள் சுற்றிலும் தரையில் இருந்தார்கள்.

ஷபானா எழுந்து வந்து அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "அக்கா போயிட்டாண்ணா. கஷ்டப்படல்ல கேட்டோ. பாடி முடிச்சா, கண்ண மூடினா. அவ்வளவுதான்."

இசக்கிதுரைக்கு முதலில் விளங்கவில்லை.

"யாரு பாடுனா?"

"அக்காதான்."

"பேச்சியா?"

"சத்தமே இல்ல. ஆனா முழுசும் பாடினா. நாங்க கூடப் பாடினோம், நடுவுல அவளுக்கு மூச்சு வாங்கும்போது." ஷபானா சொல்லிக்கொண்டே வந்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அவ பாடுவாளா?" என்று கேட்டார்.

"என்னண்ணா கேக்குறீங்க? பேச்சியக்கா பாடாத நாளு உண்டா?"

அவர் கட்டிலருகே போனார். பேச்சியின் கையைத் தொட்டுப் பார்த்தார். கை சூடாகவே இருந்தது. ஸ்நேஹா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு நடக்க வேண்டியவை நடந்தன. டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் போன் போனது. பேச்சியின் அண்ணன் கடையநல்லூரிலிருந்து கிளம்பிவிட்டதாகவும், வந்து சேர ராத்திரி ஆகும் என்றும், காலையில் எடுக்கலாம் என்றும் சொன்னார். பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். இசக்கிதுரைக்கு வெளியே சுவரோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டிருப்பது அவருக்கு நன்றாகவே கேட்டது.

வயதான ஒரு மலையாளத்துப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மகன் போட்டில் போனவன் திரும்பி வரவில்லை. பதினோரு நாள் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம். பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசத் துணியவில்லை. பேச்சி அவள் பக்கம் திரும்பாமலே இஞ்சியைச் சுரண்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். தமிழ்ப் பாட்டு, பாதி அர்த்தமாகவில்லை. மூன்றாவது வரியில் அவளுக்கு உடைந்துவிட்டது. மடியில் இருந்த இஞ்சியெல்லாம் சிதற அழுதாளாம். மற்றவர்கள் வேலையை நிறுத்தவில்லை. பேச்சியும் பாட்டை நிறுத்தவில்லை, அவள் அழுது முடிக்கிறவரை. இப்போதும் அந்த ராகத்தை யாராவது முனகினால் என் பிள்ளையின் ஈரத் தலைதான் கைக்கு வருகிறது என்று சொல்லி அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டியிருக்க வேண்டும்.

ஷபானா கொரோனா காலத்தைப் பற்றிச் சொன்னாள். கிட்டங்கி மூடியிருந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தபோது, சாயங்காலம் நாலு மணிக்குப் பேச்சி போன் பண்ணுவாள். ஆறு பேரைப் போனிலேயே ஒன்றாகச் சேர்த்து, படகுத் துறையில் நின்றுகொண்டு பாடுவாள். பின்னால் காயல் காற்று இரைவதும் போனில் கேட்கும்.

அந்த நாட்களில் பேச்சி நாலு மணிக்கு மீன் வாங்கப் போவாள். ஒரு மத்திக்கு இவ்வளவு நேரமா என்று இசக்கிதுரை இரண்டு முறை கேட்டிருக்கிறார். துறையில் கூட்டம் என்று சொல்லுவாள்.

அவருக்குக் கோபம் வந்தது. தன் வீட்டில் களவு போனது தெருவுக்கெல்லாம் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுபோல. எழுந்து உள்ளே போய், போதும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். எழுந்தும் விட்டார். வாசலில் நின்று பார்த்தபோது ஸ்நேஹா அம்மாவின் நெற்றியில் ஈ உட்காராமல் ஒரு நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபமும் இல்லை, கூப்பிடுதலும் இல்லை. காக்கநாட்டில் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும்போது இருக்கிற களைப்பு மட்டும் இருந்தது. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் எவ்வளவு நேரம் இருந்தது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

பேச்சியின் அண்ணன் வந்து இறங்கியதும் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு வெளியே வந்து இசக்கிதுரையின் பக்கத்தில் தரையிலேயே குந்தினார். சின்ன வயதில் நடவுக்குப் போனால் முதல் ஆளாக வயலில் இவளைத்தான் இறக்குவார்கள் என்றார். இவள் குரல் எடுத்தால்தான் மற்றவர்களுக்குக் கை நகரும். அடுத்த ஊர்க்காரர்கள் வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். "ஒமக்குத் தெரியாததா மச்சான், இருபத்தஞ்சு வருசமாக் கூட இருந்து கேட்டவரு" என்றார்.

"ஆமா" என்றார் இசக்கிதுரை.

காலையில் எடுத்தார்கள். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வர வேண்டாம் என்று ஊர்க்காரர்களில் ஒருவர் சொன்னார். அவள் வருவாள் என்று இசக்கிதுரை சொன்னார். அந்த இரண்டு நாளில் அவர் உரத்துச் சொன்னது அது ஒன்றுதான். கொள்ளி வைக்கும்போது ஸ்நேஹாவின் கையும் அதைப் பிடித்திருந்தது.

மத்தியானம் ஊரிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு அங்கங்கே சாய்ந்தார்கள். அடுத்த வீட்டில் ஷபானா பெரிய பாத்திரத்தில் சோறும் பருப்பும் சமைத்து அனுப்பியிருந்தாள். வெயில் சாய்ந்து, கிட்டங்கிப் பக்கம் லாரிகள் கிளம்பிப் போகிற நேரத்தில் ஸ்நேஹா வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. இசக்கிதுரை நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒனக்குத் தெரியுமா, அவ பாடுறது?" என்று கேட்டார்.

தெரியும் என்றாள். பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேரே கிட்டங்கிக்குத்தான் போவாள். இஞ்சிக் குவியல்மேல் சாக்கு விரித்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நாலாம் வகுப்பில் இருக்கும்போது யாரோ அவளிடம், உன் தலையில் சத்தியம் பண்ணியிருக்கிறாள் உன் அம்மா என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா பாடும்போதெல்லாம் அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். தலை வெடித்துவிடும் என்று பயம். பேச்சி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா என்னக் கிட்ட இருத்திச் சொன்னா. 'இந்த வீட்டுக்குள்ள பாட மாட்டேன்'னுதான் நான் சொன்னேன், இது வீடா, கிட்டங்கிதானே, ஒனக்கு ஒண்ணும் ஆகாது மோளேன்னு." ஸ்நேஹா அவரைப் பார்த்தாள். "அப்படியாப்பா சொன்னா?"

இசக்கிதுரை யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த அறை, மடியில் குழந்தை, அவளுடைய நீண்ட மௌனம், அதன் பிறகு அவள் சொன்னது எல்லாம் அப்படியே இருந்தது. இந்த வீட்டுக்குள்ள. அவர் அந்த இரண்டு வார்த்தையை அன்றே கேட்டிருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது கடைசி வார்த்தை மட்டும்தான்.

"அப்படித்தான் சொன்னா."

"நேத்து வெளிய கொண்டு போடச் சொன்னது காத்துக்கு இல்லப்பா."

"தெரியும்."

உள்ளே யாரோ இருமினார்கள். அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டாம் என்று நேற்றிலிருந்து வைத்திருந்ததை இப்போது கேட்டார்.

"செவ்வெளநி கேட்டாளே. அது என்னய அனுப்புறதுக்கா?"

ஸ்நேஹாவுக்குப் பொய் சொல்ல வராது, சின்னதிலிருந்தே.

"தெரியல்லப்பா. பாடுறதுக்கு முன்னாடி ஒருக்கா முக்குப் பக்கம் பாத்தா. பாதியில நிறுத்தி இன்னொருக்கா பாத்தா. நீங்க போயாச்சான்னு பாத்தாளா, வந்தாச்சான்னு பாத்தாளா..." அவள் முடிக்கவில்லை.

அவர் தலையை ஆட்டினார். பிறகு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். ஸ்நேஹா நகர்ந்து உட்கார்ந்து தோள் அவர் தோளில் படும்படி வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். சத்தம் உள்ளே கேட்கவில்லை.

அப்புறம் அவள் தன் போனை எடுத்தாள். அம்மா நேற்றுப் பாடிய அதே பாட்டை, முன்பு ஆஸ்பத்திரியில் கூட இருந்தபோதே, பாட்டாக இல்லாமல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன் என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. மலையாள எழுத்தில் இருந்தது. சில வார்த்தை அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை, கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்து கேட்காமலே போய்விட்டது.

"மறுகால்ன்னா என்னப்பா? மத்தக் காலா?"

"இல்ல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஊர்ல கொளம் இருக்கும்லா. மழைக்குத் தண்ணி வந்து நெறையும். நெறஞ்சு, இனி நிக்க எடம் இல்லன்னா, கரை ஒடையாம இருக்க ஒரு பக்கம் கல்லு கட்டி விட்டுருப்பாவ. அது வழியா மிச்சத் தண்ணி வெளிய போவும். அதான் மறுகால். மறுகால் பாயுதுன்னா ஊரே போய் நின்னு பாக்கும்."

"சத்தம் கேக்குமா?"

"ரெண்டு மைலுக்குக் கேக்கும்."

ஸ்நேஹா போனைப் பார்த்து அந்த வரியை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். இப்போது அவளுக்கு அது புரிவது அவருக்குத் தெரிந்தது.

"என்ன வரி அது?" என்று கேட்டார்.

அவள் பாடவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"கொண்டலடிச்சு மழ பேஞ்சு
கொளம் நெறஞ்சு மறுகால் போகுது
கொண்டவனுக்குச் சேதி இல்ல."

சொல்லிவிட்டு, "கொண்டவன்னா? கொண்டு போனவனா?" என்றாள்.

பஜார் ரோட்டிலிருந்து ஒரு வெள்ளாடு சந்துக்குள் வந்தது. அதன் பின்னால் இரண்டு குட்டிகள். காலையில் பாடைத் தேர் போன வழியெல்லாம் சாமந்தி இதழ்கள் சிதறிக் கிடந்தன. ஆடு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றபடி அவர்கள் வாசலுக்கு நேரே வந்தது.

"வீட்டுக்காரன்" என்றார் இசக்கிதுரை.

ஸ்நேஹா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஆடு படியோரம் கிடந்த கடைசி இதழ்களுக்காகக் கழுத்தை நீட்டியது. அது எட்டுவதற்கு அவர் காலை மடக்கி வழிவிட்டார்.